இதய நோயாளியைக் கவனிக்க ஓர் ஒர்க்ஷீட்

எக்செல் என்றாலே சம்பளப் பட்டியல், மார்க் ஷீட், வீட்டு பட்ஜெட் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, நிலைமை மோசமாவதைச் சில நாட்கள் முன்பே காட்டிக்கொடுக்கும் ஓர் ஒர்க்ஷீட்டை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கையோ, கூகுள் ஷீட்ஸையோ பயன்படுத்தலாம். மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும். பார்முலா எல்லாம் ஒன்றுதான்.

இதை நான் தயாரித்தது என் அப்பத்தாவுக்காக. வயது 79. தங்கச்சிமடத்தில் என் பெற்றோருடன் இருக்கிறார். நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் பாம்பன் தீவில் இருக்கிறது. பக்கத்தில் ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. மேல்சிகிச்சை என்றால் பாம்பன் பாலத்தைத் தாண்டி சுமார் 45 கிலோமீட்டர் ராமநாதபுரம் போக வேண்டும். மதுரை என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல். 1988-ல் ரோடு பாலம் திறப்பதற்கு முன்பு ரயிலையும் படகையும் நம்பியிருந்த ஊர் இது. இன்று ரோடு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு போகும் 45 கிலோமீட்டரும், மூன்று நாள் முன்னதாகப் பகலில் பஸ்ஸில் உட்கார்ந்து போகும் 45 கிலோமீட்டரும் ஒன்றல்ல.

எந்த எண்ணைக் கவனிப்பது?

ஹார்ட் பெயிலியர் என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் அனுப்ப முடியவில்லை. ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் எடுத்துக்கொண்டு, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர் காலில் இறங்கும், நுரையீரலிலும் சேரும். டாக்டர் நீர் மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான்.

தண்ணீருக்கு எடை உண்டு. ஒரு லிட்டர் சேர்ந்தால் ஒரு கிலோ. கணுக்கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை மெஷின் அதைச் சொல்லிவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஹார்ட் பெயிலியரால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பிருந்தே எடை ஏறத் தொடங்கியிருந்தது தெரியவந்தது. அந்த ஒரு வாரத்தைத்தான் நாம் பிடிக்கப் போகிறோம்.

பிரஷர் பார்க்கும் மெஷின் பல வீடுகளில் இருக்கிறது. எடை மெஷின் இல்லை. என்னைக் கேட்டால் இந்த நோய்க்கு முதலில் வாங்க வேண்டியது 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் எடை மெஷின்தான்.

அளக்கும் முறை

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், காபி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். மெஷினைப் பாய் மேலோ மணல் முற்றத்திலோ வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். சாய்ந்தால் எண் மாறும். தினமும் ஒரே இடம். வயதானவர் ஏறும்போது ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டே எடை பார்த்தால் அது உங்கள் கையின் எடையையும் சேர்த்துச் சொல்லும் அல்லது குறைத்துச் சொல்லும். சுவரைத் தொடாமல் இரண்டு விநாடி நின்றால் போதும்.

பிரஷருக்கு, மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேல்கையில் கட்டுவது நல்லது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். ரவிக்கை மேலேயே பட்டையைக் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டாவதை எழுதிக்கொள்ளலாம். நாடியை மெஷின் காட்டினாலும் வாரம் ஒருமுறை கையால் முழு 60 விநாடி எண்ணிப் பாருங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் மெஷின் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெஷின் இல்லாமல் பார்க்க வேண்டிய இரண்டை அவர்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுகிறதா என்பது. இரண்டாவது எனக்குப் புதிதாக இருந்தது: ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பது. நுரையீரலில் நீர் சேர்ந்தால் மட்டமாகப் படுக்க முடியாது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் அப்பத்தா "எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தலையணை பொய் சொல்லாது. ஆகவே நம் ஒர்க்ஷீட்டில் தலையணைக்கும் ஒரு காலம் உண்டு.

ஒர்க்ஷீட்டை அமைப்போம்

புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ காலத்தில் தேதி, பி-யில் எடை, சி-யில் மேல் பிரஷர், டி-யில் கீழ் பிரஷர், ஈ-யில் நாடி, எஃப்-ல் தலையணை, ஜி-யில் கால் வீக்கம், ஹெச்-ல் குறிப்பு. ஐ காலத்துக்கு "3 நாள் வித்தியாசம்" என்றும், ஜே காலத்துக்கு "அடிப்படை வித்தியாசம்" என்றும் தலைப்பிடுங்கள். எல்1 செல்லில் அடிப்படை எடையை இடுங்கள். உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை அது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

(செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.)

ஏ2-வில் முதல் தேதியை டைப் செய்து, செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மாதத்தின் எல்லாத் தேதிகளும் வந்துவிடும். எடை பார்க்காத நாளாக இருந்தாலும் அந்த வரிசையை நீக்காதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

நான்காம் நாளின் எடை பி5-ல் இருக்கும். அதற்கு மூன்று நாள் முந்தைய எடை பி2-வில். ஆகவே ஐ5-ல் =பி5-பி2 என்று போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் பி2 காலியாக இருந்தால் எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அப்பத்தாவுக்கு மூன்று நாளில் 52 கிலோ ஏறிவிட்டது என்று சொல்லும். வெளியூரில் இருந்து ஷீட்டைத் திறந்து பார்ப்பவருக்கு உயிரே போய்விடும். எனவே பார்முலாவை இப்படி அமையுங்கள்:

=இஃப்(ஆர்(பி5="",பி2=""),"",ரவுண்ட்(பி5-பி2,1))

இரண்டில் எது காலியாக இருந்தாலும் விடையும் காலியாக இருக்கும். ரவுண்ட் எதற்கு? கம்ப்யூட்டர் பின்ன எண்களைப் பைனரியில் வைப்பதால், கழிக்கும்போது சரியாக 2 வர வேண்டிய இடத்தில் சில சமயம் 1.9999 என்று உள்ளே நிற்கும். திரையில் 2.0 என்று தெரியும். நிறம் மட்டும் மாறாது.

ஜே2-வில் =இஃப்(பி2="","",ரவுண்ட்(பி2-$எல்$1,1)) என்று போடுங்கள். டாலர் குறி போட்டால்தான் பார்முலாவைக் கீழே இழுக்கும்போது எல்1 நகராமல் நிற்கும். எல்1-ஐ டைப் செய்தவுடன் எஃப்4 கீயை அழுத்தினால் டாலர் குறி தானாக வரும். பிறகு இரண்டு பார்முலாக்களையும் மாதக் கடைசி வரை இழுத்துவிடுங்கள்.

இப்போது நிறம். ஐ5 முதல் கடைசி வரை செலக்ட் செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், நியூ ரூல், யூஸ் எ பார்முலா என்று போங்கள். கால்க்கில் பார்மேட் மெனுவில் கண்டிஷனல் இருக்கும். "2-க்கு மேல்" என்ற சுலபமான ரூலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எக்செல்லின் கணக்கில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. நாம் காலியாக விட்ட "" என்பதும் அதற்கு எழுத்துதான். எடை பார்க்காத நாளெல்லாம் சிவப்பாகிவிடும். எனவே =அண்ட்(இஸ்நம்பர்(ஐ5),ஐ5>=2) என்று டைப் செய்து, பார்மேட் பட்டனில் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். ஜே காலத்தையும் ஜே2-விலிருந்து செலக்ட் செய்து, ஐ5 வரும் இடத்தில் ஜே2 என்று மாற்றி இதேபோல் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு. 52.4 என்பதற்குப் பதில் 524 என்று அடிப்பது சகஜம். பி காலத்தை செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் (கால்க்கில் வேலிடிட்டி) திறந்து, டெசிமல் தேர்ந்தெடுத்து, 40-க்கும் 70-க்கும் இடையில் என்று கொடுங்கள். அந்த எல்லையை உங்கள் வீட்டு நோயாளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வித்தியாசம் எதற்கு?

உதாரணத்துக்கு ஏழு நாள் எடை இப்படி வருகிறது என்று வையுங்கள்: 52.1, 52.3, 52.0, 52.4, 53.1, 53.9, 54.5. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் எங்குமே 800 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. தினமும் பார்க்கிறவருக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" என்று மட்டும்தான் தோன்றும். ஐ காலத்தில் பார்த்தால் 0.3, 0.8, 1.9, 2.1. ஏழாம் நாள் சிவப்பு.

இன்னொரு விதமும் உண்டு. தினமும் 300 கிராம் வீதம் பத்து நாள் ஏறினால் மூன்று கிலோ. ஆனால் எந்த மூன்று நாளை எடுத்தாலும் வித்தியாசம் 900 கிராம்தான். ஐ காலம் கடைசி வரை வெள்ளையாகவே இருக்கும். அந்த நைஸான ஏற்றத்தைப் பிடிக்கத்தான் ஜே காலம். ஒரே நாளில் ஒன்றரை கிலோ கூடினால் இரண்டு காலத்தையும் எதிர்பார்க்காமல் போன் செய்துவிடுங்கள்.

எடை இறங்குவதும் செய்திதான். சித்திரை, வைகாசி வெயிலில் வேர்த்து, அல்லது வயிற்றுப்போக்கு வந்து, நீர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தால் உடம்பு வற்றிவிடும். எழுந்து நின்றதும் தலை சுற்றும், விழுவார்கள். உட்கார்ந்து பார்த்த பிரஷரைவிட, நின்று மூன்று நிமிடத்துக்குள் பார்க்கும் மேல் பிரஷர் 20 குறைந்தால் அதைக் குறிப்புக் காலத்தில் எழுதுங்கள். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிவது இதய நோயைவிடச் சின்ன விஷயம் அல்ல.

கிராப் போட விரும்புகிறவர்கள் ஏ, பி காலங்களை செலக்ட் செய்து இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் போடலாம். நெடுக்கு அச்சு பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டு கிலோ ஏற்றம் கோடு போட்ட மாதிரி தட்டையாகத் தெரியும். அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து, பார்மேட் ஆக்சிஸில் மினிமம் 48 என்று கொடுத்துப் பாருங்கள்.

குறிப்புக் காலம்

இதை வெறுமனே விடாதீர்கள். எடை ஏன் ஏறியது என்பதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் அது கருவாடு. கடற்கரை ஊரில் கருவாடு இல்லாத வீடு ஏது? "அத்தை, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காருல்ல" என்று அம்மா சொன்னால், "ஒரு துண்டு இல்லாம கஞ்சி எப்படித்தா இறங்கும்?" என்று பதில் வரும். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் சொல்கிறது. ஊறவைத்துக் கழுவினால் கருவாட்டில் உப்பு குறையும், போய்விடாது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் இதே கணக்குதான். நல்லவேளையாக எங்கள் ஊரில் பச்சை மீனுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மாதக் குறிப்பையும் எடையையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு அப்பத்தா கருவாட்டை முழுவதும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

கடையில் கிடைக்கும் குறைந்த சோடியம் உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பல வகைகளில் பொட்டாசியம் இருக்கிறது. இதய நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே கெடுக்கும். மூட்டு வலிக்கு நாமாக வாங்கிப் போடும் டைக்ளோபினாக், ஐபுப்ரூபன் போன்றவையும் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். வலி மாத்திரை போட்ட நாளைக் கட்டாயம் குறித்து வையுங்கள்.

சிவப்பானால் யார் பார்ப்பது?

நம்மைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 2010-ல் அமெரிக்காவில் 1,653 ஹார்ட் பெயிலியர் நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. பாதிப் பேர் தினமும் ஒரு தானியங்கி போன் சிஸ்டத்தை அழைத்துத் தங்கள் எடையையும் அறிகுறிகளையும் பதிவு செய்தார்கள். ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரியில் மீண்டும் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் கணக்கைப் பார்த்தால், பதிவு செய்தவர்களில் 52.3 சதவீதம், மற்றவர்களில் 51.5 சதவீதம். எந்தப் பலனும் இல்லை. 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று தடவையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான்.

2018-ல் ஜெர்மனியில் இன்னொரு சோதனை. சுமார் 1,500 பேர். வீட்டிலிருந்து எடை, பிரஷர், ஈ.சி.ஜி. தினமும் பெர்லினில் உள்ள மையத்துக்குப் போயின. அங்கே நர்ஸ்களும் டாக்டர்களும் 24 மணி நேரமும் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து, தேவையானால் உடனே போன் செய்து மருந்தை மாற்றினார்கள். அந்த ஓராண்டில் இறப்பு குறைந்தது: நூறு பேருக்கு ஆண்டுக்கு 11.3 ஆக இருந்தது 7.9 ஆனது. இரண்டிலும் எண்கள் போயின. இரண்டாவதில் எண்ணைப் பார்த்தவுடன் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தார்.

ஆகவே ஒர்க்ஷீட்டை முடித்ததும், சிவப்பு வந்தால் யார் யாருக்குப் போன் செய்வது என்று பெயர் போட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. மாதத் தொடக்கத்தில் காலி ஷீட்டை பிரிண்ட் எடுத்து எடை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். தலைப்பில் பெரிய எழுத்தில் 54.0 என்று இருக்கிறது. அடிப்படை எடையோடு 2 கூட்டியது. அதற்குப் பக்கத்தில் டாக்டரின் போன் நம்பர். அம்மா பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார். நான் கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறேன். ஒன்பது மணிக்குள் போட்டோ வராவிட்டால் நான் போன் செய்கிறேன். ஸ்மார்ட் வாட்ச், ஆப் எல்லாம் நல்லவைதான். ஆனால் சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, அப்பத்தாவும் அதைப் படித்துக்கொள்கிறார்.

சிவப்பு வந்துவிட்டதே என்று நாமாக இன்னொரு நீர் மாத்திரை கொடுக்கக் கூடாது. எந்த எடையில் எவ்வளவு கூட்டலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும், அதன்படி செய்யலாம். நெஞ்சு வலி, படுக்கவே முடியாத மூச்சுத் திணறல், நுரை தள்ளும் இருமல், மயக்கம், முகம் கோணுதல் இவற்றுக்கு ஒர்க்ஷீட்டைத் திறக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடார்வாஸ்டேடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கும் "இதயம் காப்போம்" திட்டம் தமிழகத்தில் 2023-ல் தொடங்கப்பட்டது. பெரிய ஊர் தூரத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள நிலையம் எது, அதன் நேரம் என்ன என்று இப்போதே விசாரித்து ஷீட்டின் அடியில் எழுதிவையுங்கள்.

வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டுங்கள்

நம் பக்கத்து மாவட்டமான சிவகங்கையிலும் விருதுநகரிலும் 2007-ல் அரசு ஒரு முன்னோடித் திட்டமாக எல்லோருக்கும் பிரஷர் பார்க்கத் தொடங்கியது. பிறகு அது தமிழகம் முழுவதும் பரவியது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். அவர்கள் வரும் நாளில் பார்க்கும் பிரஷர் மாதத்தில் ஒரே ஒரு எண். உங்கள் ஷீட்டில் முப்பது இருக்கிறது. ஒரு வாரத்தின் சராசரிக்கு =ஆவரேஜ்(சி2:சி8) என்று போடுங்கள். ஆவரேஜ் காலி செல்களைக் கணக்கில் சேர்க்காது. இங்கே இஃப் தேவையில்லை.

டாக்டரிடம் போகும்போது லேப்டாப்பையோ போனையோ நீட்டாதீர்கள். வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். பேஜ் லேஅவுட்டில் லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் டு பிட் என்ற இடத்தில் விட்த் 1 பேஜ், ஹைட் 1 பேஜ் என்று கொடுத்தால் ஒரு மாதம் ஒரே தாளில் வரும். கலர் பிரிண்டர் இல்லாவிட்டால் சிவப்பு நிறம் சாம்பலாக விழுந்து எண்ணே தெரியாமல் போகும். கண்டிஷனல் பார்மேட்டிங்கில் நிறத்தோடு போல்டும் பார்டரும் சேர்த்துவிடுங்கள். தாளின் பின்பக்கம் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால், டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அட்டையைத் தேட வேண்டியிருக்காது.